பூரணம் காபியை வளர்த்தவன்

அந்தப் பையில இருக்கிறது பூரணம் காபிதானே சார்? மேலாப்புல கறுப்பாத் தெரியுதே, அந்தப் பாக்கெட். கொஞ்சம் எடுங்களேன், பார்த்துட்டுத் தந்துர்றேன். கொடைக்கானல்ல யாருக்கு, மச்சினிக்கா? நல்லது, நல்ல பொருளாத்தான் கொண்டு போறீங்க. பாக்கெட்டைத் திருப்புங்க. பின்னாடி கீழ, வறுத்த தேதின்னு போட்டிருக்கா? அது என் ஐடியா. மேல பொத்தான் மாதிரி சின்னதா ஒண்ணு இருக்கு பாருங்க. உள்ள இருக்கிற காத்து அது வழியா வெளிய போகும், வெளிக்காத்து உள்ள வராது. அதுவும் நான் கொண்டுவந்ததுதான். இந்தக் கறுப்பு நான். இந்த எழுத்து நான். 'ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக் குடிக்காதீர்கள், தேவைக்கு மட்டும் வாங்குங்கள்'னு போட்டிருக்கே, அந்த வாசகம் நான் எழுதினது. எந்த வியாபாரியாவது தன் சரக்கைக் கம்மியா வாங்குன்னு சொல்லுவானா? நாங்க சொன்னோம். அதான் சார் பிரீமியம்.

உள்ள இருக்கிற தூள் மட்டும் எங்க அக்கா.

ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துக்கட்டுமா? உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே? காலையில இருந்து ஒரு இடத்துல உட்கார முடியல. ஆரப்பாளையத்துல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு இதுல ஏறினேன். கார் சர்வீஸுக்குப் போயிருக்கு. கொஞ்ச நாளாவே போயிருக்கு, அதை விடுங்க. நீங்க கொடைக்கானல் வரைக்கும் போறீங்க, நான் வத்தலக்குண்டுல இறங்கிடுவேன். அது வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு.

என் பேர் ஞானசம்பந்தன். அக்கா பேர் மங்கையர்க்கரசி. எங்க அப்பா பூரணலிங்கம் பக்திமான், பேர் வச்சதைப் பார்த்தாலே தெரியும். வத்தலக்குண்டுல பெரியகுளம் ரோட்டுல காபிக்கடை. காபி குடிக்கிற கடை இல்ல, கொட்டையை வறுத்து அரைச்சுத் தூளா விக்கிற கடை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு தோட்டத்துச் சரக்கெல்லாம் கீழ இறங்கினா முதல்ல எங்க கடை வாசல்லதான் நிக்கும். அப்பா போனதும் கடை அக்கா கைக்கு வந்துச்சு. அத்தான் வாத்தியார் வேலையில இருந்தாரு, அவருக்கு இதுல நாட்டம் இல்ல. நான் அப்ப எம்.பி.ஏ. முடிச்சுட்டு சென்னையில ஒரு சோப்புக் கம்பெனியில இருந்தேன். அக்காதான் கூப்பிட்டுச்சு. தூள் நல்லாருக்கு, ஊரைத் தாண்டிப் போக மாட்டேங்குது, நீ வந்து ஏதாவது பண்ணுன்னுச்சு. வந்தேன்.

நேத்து மதுரையில ஒரு காலேஜ்ல இதைத்தான் பேசினேன். பேனர்லயே போட்டிருந்தாங்க, 'ஒரு பிரீமியம் காபி பிராண்டின் நீடித்த சந்தை வெற்றி'ன்னு. என் போட்டோ பெருசா. நான் எங்க போனாலும் பூரணம் கதையைத்தான் சொல்றது. மஞ்சக் காகிதக் கவர்ல கட்டி வித்த தூளை எப்படிக் கறுப்புப் பாக்கெட்டுக்கு மாத்தினேன், ஊர்ல எல்லாரும் விலையைக் குறைக்கும்போது நான் எப்படி ஏத்தினேன், சென்னையில பெரிய கடைகள்ல கண்ணு மட்டத்துக்கு இருக்கிற தட்டை எப்படிப் பிடிச்சேன், எல்லாம் படம் படமா வரும். பசங்க வாயைத் திறந்துட்டுக் கேப்பாங்க. நேத்துதான் பின் வரிசையில இருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டுச்சு. 'சார், நீங்க கம்பெனியை விட்டு வந்தப்புறமும் அது வளர்ந்துக்கிட்டே இருக்கே, அது எதனால?' நேரமாயிருச்சும்மான்னு சொல்லி முடிச்சுட்டேன். நேரமும்தான் ஆயிருந்துச்சு.

நான் வளர்த்ததுனாலதான் வளருது. இதுல என்ன கேள்வி? ஒரு செடிக்கு ஒருத்தன் தண்ணி ஊத்தி விட்டுட்டுப் போயிட்டா அது நின்னுருமா?

அக்காவைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. அது மூக்கு அப்படி. ஒரு தடவை பண்ணைக்காட்டுல இருந்து ஒரு லாரி சரக்கு வந்துச்சு. கொட்டை பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கு. அக்கா ஒரு கை அள்ளி மோந்து பார்த்துட்டு, இது மிளகு மூட்டை பக்கத்துல கிடந்திருக்கு, வேண்டாம்னுருச்சு. தோட்டக்காரர் கொதிச்சுப் போயிட்டாரு. எனக்கும் கோபம்தான், ஆர்டர் கையில நிக்குது. லாரி அப்படியே திரும்பிப் போச்சு. அடுத்த வருஷம் அதே மனுஷன் தன் குடோன்ல பலகை அடிச்சு, காபியைத் தனியாப் பிரிச்சு வச்சு, அக்காவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. அவரு சரக்கு இன்னிக்கும் எங்களுக்குத்தான் முதல்ல வருது. எங்களுக்குன்னா, அவங்களுக்கு.

தினமும் காலையில பலகாரத்துக்கு முன்னாடி அக்கா கலவை ரூமுக்குள்ள போயிரும். அன்னிக்கு வறுத்த ஒவ்வொரு ஈட்டுலயும் டிகாஷன் இறக்கி, பாலும் இல்லாம சக்கரையும் இல்லாம, சர்ருனு ஒரு உறிஞ்சு. தலையாட்டினாத்தான் அது பாக்கெட்டுக்குப் போகும். ஆட்டலைன்னா, அன்னிக்கு எவ்வளவு பெரிய ஆர்டர் இருந்தாலும் போகாது. நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், அக்கா, இந்தச் சின்ன வித்தியாசம் குடிக்கிறவனுக்குத் தெரியாதுன்னு. அக்கா என் முகத்தைப் பார்த்துட்டு அடுத்த ஈட்டை எடுக்கும்.

வெளிய இருக்கிறதெல்லாம் உன் இஷ்டம், உள்ள இருக்கிறதுல கை வைக்காதே. இதுதான் எங்களுக்குள்ள ஒப்பந்தம். பல வருஷம் நல்லாத்தான் போச்சு. நான் வெளிய, அது உள்ள.

அப்புறம் ஒரு வருஷம் காபிக்கொட்டை விலை ஏற ஆரம்பிச்சது. எங்கயோ பனி கொட்டிச்சாம், இங்க நம்ம மலையில பூக்கிற சமயத்துல மழை ஏமாத்திருச்சு. வாராவாரம் விலை மாறுது. மத்த கம்பெனிக்காரன்லாம் சத்தமில்லாம சரக்கை மாத்திட்டான். எங்களுக்கு அந்தத் தீபாவளிக்குச் சென்னையில ஒரு பெரிய கடைத் தொடர்ல இருந்து பரிசுப்பெட்டி ஆர்டர். அவ்வளவு பெரிய ஆர்டர் நாங்க பார்த்ததே இல்ல. வெல்வெட் மாதிரி ஒரு பெட்டி, உள்ள ரெண்டு பாக்கெட் தூள், ஒரு பித்தளை ஃபில்டர். டிசைன் பண்ண நான் தூக்கமில்லாம கிடந்தேன் சார்.

நான் அக்காகிட்ட முறையாத்தான் கேட்டேன். கலவையில கொஞ்சம் ரோபஸ்டா சேர்ப்போம்னு. ரோபஸ்டான்னா கீழ்மட்டத்துல விளையிறது, கசப்புத் தூக்கலா இருக்கும், விலை குறைச்சல். அக்கா முடியாதுன்னுச்சு. விலையை ஏத்து, இல்ல கம்மியா வில்லு, ரெண்டுல ஒண்ணைப் பண்ணுன்னுச்சு. கடைக்காரங்ககிட்ட விலை பேசி முடிச்சாச்சு, ஏத்த முடியாது. கம்மியா விக்கிறதுக்கு எதுக்கு சார் மார்க்கெட்டிங்? சோப்புக் கம்பெனியில இப்படிச் சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பான்.

அந்தச் சமயத்துலதான் அக்கா மக உமையாளுக்குப் புனேயில பிரசவம். அக்கா அங்க போயிருச்சு. போகும்போது கலவை ரூம் சாவியை என் கையில குடுத்துச்சு. எழுதி வச்ச அளவுல போடு, நான் வர்ற வரைக்கும் புதுச் சரக்கு எடுக்காதேன்னுச்சு.

நான் எடுத்தேன்.

மறைச்சுச் செய்யல சார். சொல்லாமச் செஞ்சேன். ரெண்டும் ஒண்ணா? லேபிள்ல ஒரு பொய் கிடையாது. 'மலைக்காபி'ன்னுதான் போட்டிருந்தோம். ரோபஸ்டா என்ன கடலுக்குள்ளயா விளையுது? அதுவும் நான் என்ன பாதிக்குப் பாதியா போட்டேன், பாதிக்கும் கம்மிதான். பெட்டி எல்லாம் குறிச்ச நாளுக்குச் சென்னை போய்ச் சேர்ந்துச்சு. கடைவாசல்ல அடுக்கி வச்ச போட்டோ அனுப்பினாங்க, மலை மாதிரி. ஒருத்தர்கூடக் குறை சொல்லல. ரெண்டு மூணு பேர் போன் பண்ணினாங்க, என்ன இந்தத் தடவை வேற மாதிரி இருக்கேன்னு. அவ்வளவுதான். ஒரு வாரம் கழிச்சு ஆபீஸ்ல போன் எடுக்கிற பொண்ணு ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிருச்சு, வேற வேலை பார்க்க முடியலைன்னு. புதுசா ஒண்ணு வந்தா நாலு பேர் பேசத்தான் செய்வாங்க.

அக்காவுக்கு யார் சொன்னதுன்னு கேக்குறீங்களா? யாரும் சொல்லல. நான்தான் ஒரு பெட்டியைப் புனேக்கு கூரியர்ல அனுப்பினேன். எவ்வளவு அழகாப் பண்ணியிருக்கேன், பார்த்துச் சந்தோஷப்படட்டும்னு. சம்பந்தி வீட்டு ஆளுங்களுக்கும் பெருமையா இருக்கும்ல?

அக்கா அதுல ஒரு டம்ளர் போட்டுக் குடிச்சிருக்கு. குடிச்சதும் உமையாகிட்ட, நான் ஊருக்குப் போகணும்னு சொல்லியிருக்கு. பேரனுக்குப் பேர்கூட வைக்கல அப்ப. மறுநாள் தொட்டில் போடுறதா இருந்தாங்க. அக்கா அது வரைக்கும் விமானத்துல ஏறினதே கிடையாது. தனியா ஏறி, மதுரையில இறங்கி, டாக்சி பிடிச்சு, நேரா கடைக்கு வந்து நிக்குது. கையில அந்த வெல்வெட் பெட்டி. பெட்டி நல்லாருக்கான்னு கேட்டேன். நல்லாருக்குன்னுச்சு. உமையா இன்னிக்கு வரைக்கும் என்கூட முகம் குடுத்துப் பேசறதில்ல. ஏன்னு எனக்குத் தெரியல, அது அக்காவா எடுத்த முடிவு, நானா வரச் சொன்னேன்?

இந்த ஜன்னல் கண்ணாடி மூட மாட்டேங்குதே, காத்து மூஞ்சியில அடிக்குது. நீங்களே இங்க வந்துர்றீங்களா? வேண்டாம் வேண்டாம், இருங்க. நான் இப்படியே சாஞ்சுக்கிறேன்.

கலவை ரூமுக்கு வான்னுச்சு. போனேன். ரெண்டு கப் வச்சுச்சு. ஒண்ணு பழைய கலவை, ஒண்ணு பெட்டித் தூள். எது எதுன்னு சொல்லல. குடின்னுச்சு. திட்டும்னு நினைச்சுப் போனவனுக்கு ஒண்ணும் புரியல. குடிச்சேன். அதுக்குள்ள ஆடிட்டர்கிட்ட இருந்து போன், சென்னையில இருந்து போன், எல்லாத்தையும் பேசிக்கிட்டே குடிச்சேன். பேசி முடிச்சுட்டு நிமிர்ந்தா அக்கா கப்பைப் பார்த்துக்கிட்டு இருக்கு. ஒரு கப் காலி. இன்னொண்ணு நிறைய அப்படியே இருக்கு, ரெண்டு உறிஞ்சுக்கு மேல நான் தொடல.

அவசரம் சார். அன்னிக்கு வயிறும் சரியில்ல. ரெண்டு கப்பையும் எவன் குடிப்பான்?

அக்கா மீதி இருந்த கப்பை எடுத்துத் தொட்டியில ஊத்திக் கழுவி வச்சுச்சு. அப்புறம் வெளிய போய் ஆபீஸ்ல உட்கார்ந்து, பேப்பருக்குக் குடுக்க ஒரு அறிவிப்பு எழுதிச்சு. 'இந்தத் தீபாவளிப் பெட்டியில் இருப்பது எங்கள் ருசி இல்லை. பிரித்திருந்தாலும் பரவாயில்லை, வாங்கிய கடையிலேயே கொடுங்கள். சரியானதைத் தருகிறோம்.' கீழ தன் பேரைப் போட்டுக்கிச்சு. எம். மங்கையர்க்கரசி.

நான் கெஞ்சினேன். அக்கா, கம்பெனி பேரே போயிரும், உலகத்துல எவனும் இப்படித் தானாப் போய்த் தலையைக் குடுக்க மாட்டான்னு. சரி, போடறதுதான் போடுற, சரக்குக் குடுத்தவன் ஏமாத்திட்டான்னாவது போடுன்னேன். அதுக்கு அக்கா நிமிர்ந்து பார்த்துச்சு பாருங்க.

"யாரும் ஏமாத்தலயே சம்பந்தம். நம்ம வீட்டுலதான நடந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னது. அறிவிப்புல என் பேர் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா வத்தலக்குண்டுல யாருக்குத் தெரியாது? தீபாவளி வாரம் முழுக்கக் கடை வாசல்ல கூட்டம். பாதிப் பாக்கெட்டைக் கொண்டு வந்து நீட்டுறான், காலிப் பாக்கெட்டை நீட்டுறான், ஒண்ணுமே கொண்டு வராம வந்து நான் குடிச்சுட்டேன்ங்கறான். எல்லாருக்கும் குடுத்துச்சு. நான் மாடியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு ஆள் மேல என்னைப் பார்த்துட்டு இன்னொருத்தன் காதுல என்னமோ சொன்னான். நான் உள்ள போயிட்டேன்.

சென்னைக் கடைத் தொடர்காரன் எங்களைத் தூக்கிட்டான். நான் வாங்கின அந்தக் கண்ணு மட்டத் தட்டு, அதுல வேற காபி வந்து உட்கார்ந்துச்சு. பெரிய வறுவல் மெஷின் வாரத்துல ரெண்டு நாள்தான் ஓடும். ஆளுங்களை நிறுத்துன்னேன். அக்கா நிறுத்தல. மெஷின் ஓடாத நாள்ல ஆளுங்களை மலைக்கு அனுப்பிச்சு, தோட்டத்துல பழம் எப்படிப் பறிக்கிறாங்க, எப்படிக் காய வைக்கிறாங்கன்னு பார்த்துட்டு வரச் சொல்லி. நான் மாடியில உட்கார்ந்து வேலை இல்லாம பேனாவை உருட்டிக்கிட்டு இருந்தேன்.

பொங்கல் முடிஞ்சதும் கிளம்பிட்டேன். போகாதேன்னுதான் சொல்லுச்சு. எல்லாம் உன்னோடதுதான், ஆனா கலவை ரூம் சாவி இனிமே என்கிட்டதான் இருக்கும்னுச்சு. சாவி இல்லாம நான் என்ன சார் அங்க, வாட்ச்மேனா? வாட்ச்மேன்கிட்டகூடச் சாவி இருக்கும்.

சென்னையில சொந்தமா ஆரம்பிச்சேன். 'சம்பந்த் ரிசர்வ்'. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கறுப்பு டின், மேல தங்க எழுத்து. ஸ்டார் ஹோட்டல்ல வெளியீட்டு விழா, ஒரு நடிகை வந்து முதல் கப் குடிச்சாங்க. முதல் மாசம் சரக்கு நிக்கல, பறந்துச்சு. ரெண்டாவது தடவை வாங்கத்தான் யாரும் வரல. டிஸ்ட்ரிப்யூட்டர் சரியில்ல. அந்த வருஷம் மழை வேற. டின்னை மட்டும் நிறைய பேர் வச்சிருக்காங்க, எங்க சின்ன மாமியார் வீட்டுல அதுலதான் கடுகு போட்டு வச்சிருக்காங்க. அந்த அளவுக்கு நல்ல டின்.

இதுக்கு நடுவுல அங்க என்ன ஆச்சுங்கறீங்க? அதான் வேடிக்கை. அந்த அறிவிப்பு இருக்கே, அதை எவனோ போட்டோ எடுத்துப் போட, போன் போனா ஊர் முழுக்கச் சுத்திருச்சு. இப்படியும் ஒரு கம்பெனியான்னு. பெங்களூர்ல இருந்து கேக்குறான், சிங்கப்பூர்ல இருந்து கேக்குறான். அந்தக் கடைத் தொடர்காரனே திரும்பி வந்தான். அக்கா உடனே குடுக்கல. எங்களால மாசத்துக்கு இவ்வளவுதான் வறுக்க முடியும், அதுக்குள்ள வாங்கிக்கோங்கன்னுச்சு. விலையையும் ஏத்துச்சு, ஏன் ஏத்துறோம்னு கடை வாசல்ல எழுதிப் போட்டுட்டு. அதுக்காக ஒரு வாடிக்கைக்காரன்கூடப் போகலயாம். முன்னாடி போனவங்களும் வந்துட்டாங்களாம். கல்யாணம் பேசப் போற இடத்துல, எங்க வீட்டுல பூரணம்தான்னு சொல்லிக்கிறாங்க.

இப்ப நீங்க யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெயர் எதனால வந்துச்சு? அறிவிப்பால. அறிவிப்பு எதனால வந்துச்சு? நான் கலந்ததால. நான் கலக்காம இருந்திருந்தா திரும்ப வாங்க ஒண்ணு இருந்திருக்குமா? அப்ப அந்த வெற்றிக்கு ஆரம்பம் யாரு? இதை நான் காலேஜ்ல சொல்றதில்ல, பசங்களுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன். என்ன சார், ஜன்னலுக்கு வெளிய பார்க்குறீங்க?

நிலக்கோட்டை வந்துருச்சா? பூ மூட்டை ஏத்துறான் பாருங்க. மல்லி இல்ல, பிச்சி. அடியில ஒரு மூட்டை நேத்துப் பூ, தண்ணி தெளிச்சு வச்சிருக்கான். மூட்டையைப் பார்க்கல சார், வாசனை வருதே. டீயா? வேண்டாம் சார், நீங்க குடிங்க. காலையில இருந்து நான் பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் வாயில வைக்கல. வாய் சுத்தமா இருக்கணும் இன்னிக்கு. ஹோட்டல்ல இட்லி கொண்டு வந்தான், திருப்பி அனுப்பிட்டேன்.

அதைச் சொல்லல இல்ல உங்ககிட்ட. போன வருஷம் அக்காவுக்கு ஒரு காய்ச்சல். காய்ச்சல் போயிருச்சு, கூடவே மோப்பமும் போயிருச்சு. மல்லிகையை மூக்குல வச்சாலும் தெரியலையாம். நாக்குல உப்பு தெரியுது, இனிப்பு தெரியுது, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. மதுரை, சென்னை, வேலூர் எல்லாம் பார்த்தாச்சு. வரலாம், வராமலும் போகலாம்ங்கறாங்க. உமையா புனேயை விட்டுட்டு வந்து ஆபீஸைப் பார்த்துக்குது. குடிச்சுப் பார்த்துச் சொல்றதுக்குன்னே பெங்களூர்ல படிச்ச ரெண்டு பேரை வேலைக்கு வச்சிருக்கு. எனக்கு இதெல்லாம் காத்து வாக்குல வந்துச்சு. போன் பண்ணலாம்னு எடுப்பேன். வச்சுருவேன். இத்தனை வருஷம் கழிச்சு என்னன்னு ஆரம்பிக்கிறது?

போன வாரம் அக்காவே பண்ணிச்சு. குரல் அப்படியேதான் இருக்கு.

"சம்பந்தம், உன் மூக்கு நல்லாருக்காடா?"

நல்லாருக்குன்னேன். நான் என்ன நினைச்சேன்னா, கம்பெனிக்கு இப்ப ஒரு ஆள் வேணும், அதைச் சுத்தி வளைச்சுக் கேக்குதுன்னு. நானே ஆரம்பிச்சேன். இனிமே பாக்கெட் போதாதுக்கா, ஏற்றுமதிக்குப் போகணும், மெஷின்ல போடற மாதிரி சின்னச் சின்னக் குப்பி வந்திருக்கு, கலரை மாத்தணும், எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்னு ரொம்ப நேரம் பேசினேன். அக்கா முழுக்கக் கேட்டுச்சு. கேட்டுட்டு, அதெல்லாம் உமையாகிட்டப் பேசிக்கோ, நீ வந்து புது அறுவடைச் சரக்கைக் குடிச்சுப் பார்த்து எப்படி இருக்குன்னு மட்டும் எனக்குச் சொல்லுன்னுச்சு.

அதுக்குத்தான் ரெண்டு பேர் இருக்காங்களேன்னேன். நல்ல பிள்ளைங்கதான்டா, ஆனா என் முகத்தைப் பார்த்துச் சொல்றாங்க, நான் தலையாட்டினா நல்லாருக்குங்கறாங்க, நான் எதை வச்சுத் தலையாட்டறதுன்னுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியல. கேட்டுட்டேன்.

"அன்னிக்கு நம்பிக்கை இல்லாமத்தான சாவியை வாங்கி வச்சுக்கிட்ட. இப்ப மட்டும் என்மேல எப்படிக்கா நம்பிக்கை வந்துச்சு?"

அக்கா சுத்தி வளைக்கல.

"நம்பிக்கையெல்லாம் இப்பவும் இல்லடா. மத்தவங்க பொய் சொன்னா எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. நீ சொன்னாத் தெரியும்."

இதை மரியாதைன்னு எடுத்துக்கறதா, அவமானம்னு எடுத்துக்கறதா, சொல்லுங்க சார். ஒரு வாரமா இதைத்தான் மாத்தி மாத்தி யோசிக்கிறேன். ஒரு நேரம் கோபம் வருது. இத்தனை பேருக்கு பிராண்ட்னா என்னன்னு சொல்லிக் குடுக்கிறவன், என்னை வெறும் நாக்கா கூப்பிடுதேன்னு. இன்னொரு நேரம் வேற ஒரு பயம். நிஜமாவே என் நாக்கு கெட்டுப் போயிருந்தா? நான் எதையோ குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லி, அது நல்லா இல்லாம, அக்கா அதை நம்பி ஊருக்கெல்லாம் அனுப்பி... அக்காவால இனிமே சரி பார்க்க முடியாது சார். நான் சொன்னா அதுதான். இது வரைக்கும் நான் சொன்ன எதையும் அக்கா அப்படியே எடுத்துக்கிட்டதில்ல. அது வசதியாத்தான் இருந்துச்சுன்னு இப்பத் தெரியுது.

நேத்து கூட்டம் முடிஞ்சு காலேஜ்ல காபி குடுத்தாங்க. பயந்துக்கிட்டேதான் வாங்கினேன். ஒரு வாய் வச்சதும் தெரிஞ்சுபோச்சு. பாதிக்கு மேல ரோபஸ்டா, வறுத்து ரொம்ப நாளானது, சிக்கரி கொஞ்சம் தீஞ்சிருக்கு. இவ்வளவு மட்டமான காபியைக் குடிச்சுட்டு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே. பிரின்சிபால் இன்னொரு கப் வேணுமான்னு கேட்டாரு, அவ்வளவு ரசிச்சுக் குடிக்கிறேன்னு நினைச்சுட்டாரு.

இது மேம்பாலமா? அப்ப வந்துருச்சு. இங்கதான் நிறுத்துவான், ரெண்டு நிமிஷம்தான் நிப்பான். என் பை எங்க? காலுக்கடியிலயா? லேப்டாப்பைக் கொண்டு வந்தேன், எதுக்கும் இருக்கட்டும்னு. உமையா பார்க்கிறேன்னா காட்டலாம். பார்க்காது.

யாரையும் ஸ்டாண்டுக்கு அனுப்ப வேண்டாம், நானே ஆட்டோ பிடிச்சு வந்துர்றேன்னு சொல்லியிருந்தேன். ஏன், அங்க யாரு... சார், அந்தக் கழிப்பறைச் சுவர் ஓரமா, பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, குடை பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா நிக்குதே, பார்த்தீங்களா? அதான் எங்க அக்கா.

முடி வெளுத்துருச்சு. குடையை அதே மாதிரிதான் தோள்ல சாய்ச்சுப் பிடிச்சிருக்கு.

எங்க போய் நிக்குது பாருங்க. சாக்கடை உடைஞ்சு ஓடுது அங்க. இங்க பஸ்ஸுக்குள்ளயே நீங்க கைக்குட்டையை மூக்குல வச்சுட்டீங்க. போறவன் வர்றவன் எல்லாம் அந்த இடத்தைத் தாண்டி ஓடுறான், அந்த நிழல்ல ஒரு ஆள் இல்ல. அக்கா பாட்டுக்கு நடுவுல நின்னு, ஒவ்வொரு பஸ்ஸா பார்த்துக்கிட்டு இருக்கு. எவ்வளவு நேரமா நிக்குதோ. யாராவது ஒருத்தன் சொல்லக் கூடாதா?

கொஞ்சம் வழி விடுங்க சார். முதல்ல நான் போய் அதை அங்க இருந்து தள்ளி நிக்கச் சொல்லணும்.